சேறற்ற வளாகம்

கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். கதவுக்கு நேர் எதிரே, மேசையின் தலைப்பக்கத்தில் துணைவேந்தர் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் பதிவாளர் ஹபீபா. இடப்பக்கம் மழைத்துறைப் பேராசிரியர் செங்கமலம், அவரை அடுத்து மாணவர் மன்றத் தலைவி தமயந்தி. விடுதிக் காப்பாளர் லூர்துசாமியை மட்டும் மேசையை விட்டுத் தள்ளி, சுவரில் இருந்த ஈரம்பிடிக்கு நேர் கீழே உட்கார வைத்திருந்தார்கள். எந்தக் கூட்டத்திலும் அதிகம் பேசுபவருக்கு அந்த இடம்தான். பேசுகிறவரின் வாயிலிருந்து வரும் ஆவியை ஈரம்பிடி உறிஞ்சிக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குடுவையில் இறக்கும். சென்ற ஆண்டு லூர்துசாமியின் பேச்சு மட்டுமே ஒரு குடம் நீர் தந்திருந்தது. அதற்காக ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

குறிப்பெடுக்கும் இயந்திரனான தணிகைக்கு உட்காரும் வழக்கம் இல்லை. அது கதவோரம் நின்றது.

செவ்வாயில் இருந்த அந்தப் பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே கவிகைக்குள் அடங்கியிருந்தது. ஒரு மலையளவு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்குமோ, அதுதான் கவிகை. வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கல், கல்லுக்குப் பின்னால் மேலும் கல். உள்ளே காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, நீருக்குத்தான் பஞ்சம். ஆகவே யாருடைய ஈரமும் அங்கே வீணாகாது. தூங்கும்போது தலைமாட்டில் ஓர் ஈரம்பிடி இருக்கும். சாவு வீட்டில் அழுகிறவர்களுக்குப் பின்னால் பஞ்சும் குடுவையுமாக ஓர் இயந்திரன் நிற்கும். அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. குடுவையைப் பார்த்துவிட்டு, “நல்ல மனுசன்தான் போலிருக்கு” என்று இறந்தவரைப் பற்றிச் சொல்வார்கள்.

இப்படிப் பல ஆண்டுகளாகச் சேர்த்த மூச்சுநீர், தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டியில் நிறைந்திருந்தது. அதை என்ன செய்வது என்பதுதான் அன்றைய கூட்டத்தின் பொருள்.

செங்கமலம் அதை மழையாகப் பெய்விக்க வேண்டும் என்றார்.

“அவ்வளவு தண்ணியையும் மேலேருந்து கொட்டணும்கறீங்க,” என்றார் லூர்துசாமி. குடுவையில் ஒரு சொட்டு விழுந்தது. “என் பசங்க ஈரத்துணியால ஒடம்பத் தொடச்சிட்டுக் கெடக்கறானுங்க மேடம். பொறந்ததுலேருந்து ஒருத்தன்கூடத் தலையில தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டது கெடையாது. விடுதிக்குக் குடுங்க. புண்ணியமாப் போகும்.”

“பசங்களுக்கா, உங்களுக்கா?” என்றாள் தமயந்தி.

“எனக்கும்தாம்மா. நான் என்ன கல்லா?”

செங்கமலம் சிரிக்கவில்லை. அவருடைய கவலை கவிகைக்குள் கிடந்த மண்ணைப் பற்றியது. செவ்வாயின் தூளோடு சமையலறைக் கழிவும், வெட்டிய முடியும், உதிர்ந்த இலையும், மறைந்தவர்களின் உடலும் சேர்த்து, மண்புழுக்களையும் விட்டு அந்த மண்ணை அவருடைய துறை உண்டாக்கியிருந்தது. வளாகத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் வேண்டப்பட்ட யாராவது ஒருவர் அதற்குள் இருந்தார். இதுவரை அந்த மண் அடியில் போட்ட குழாய்களின் வழியாகத்தான் நீர் குடித்தது. அடியிலிருந்து ஏறிய நீர், உப்பையும் கூடவே மேலே கொண்டுவந்து விட்டுவிட்டது. இப்போது தரை முழுவதும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் கிடந்தது. செடிகள் வரிசையாகக் கருகின.

“மேலேருந்து எறங்கற தண்ணிதான் அந்த உப்பக் கரைச்சுக் கீழ தள்ளும்,” என்றார் செங்கமலம். “வேற வழி கிடையாதுங்க ஐயா.”

“பெஞ்சும் மண்ணு குடிக்கலைன்னா?” என்று ஹபீபா கேட்டார்.

“தண்ணி ஓடிப்போய்க் கவிகை ஓரத்துல உறைஞ்சு போகும்.”

“மண்ணு?”

“செத்துப்போச்சுன்னு அர்த்தம். அள்ளி வெளிய கொட்டிடலாம். என் துறையையும் சேர்த்து மூடிடுங்க.”

ஈரம்பிடியிலிருந்து சொட்டு விழுவது நின்றது. மாசிலாமணி சிறு வயதில் பூமியிலிருந்து வந்தவர். அந்த வளாகத்தில் மழையைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். அவர் மேசையைத் தடவிக்கொண்டே, “பெய்யட்டும்மா” என்றார்.

மழைநாள் அன்று மொத்த வளாகமும் திறந்த வெளியில் வந்து நின்றது. அங்கே வீடுகளுக்குக் கூரை கிடையாது. கவிகைக்குக் கீழே கூரை எதற்கு? காற்றாடிகளை நிறுத்தினார்கள். தொட்டியிலிருந்து ஆவி எழும்பியது. உச்சியில் குளிர்தகடுகள் இயங்கத் தொடங்கியதும், முதலில் ஒரு வெள்ளை இழை தெரிந்தது. பிறகு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மங்கி, ஒவ்வொருவரின் காலடியிலிருந்தும் நிழல் காணாமல் போனது. அவர்களுடைய சொந்த மூச்சு, பேசிய பேச்சு, அழுத அழுகை எல்லாம் தலைக்கு மேல் ஒரு கரிய பொருளாகத் திரண்டு மிதந்தது. குழந்தைகள் பெற்றோரின் இடுப்பைக் கட்டிக்கொண்டன.

முதல் துளி விழுந்தது.

செவ்வாயின் ஈர்ப்புச் சக்தி குறைவு. அதனால் துளி பெரிதாகத் திரண்டது, அவசரமில்லாமல் இறங்கியது. ஒவ்வொன்றும் ஒரு சுண்டைக்காய் அளவு. நடுங்கிக்கொண்டு, தட்டையாகி, மறுபடி உருண்டு, உள்ளே கவிகையையும் அதைத் தாண்டிய சிவந்த வானத்தையும் தலைகீழாகக் காட்டிக்கொண்டு வந்தது. ஹபீபா கையை நீட்டினார். துளி உள்ளங்கையில் உடைந்ததும், சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டு, உடனே மீண்டும் நீட்டினார். அடுத்து நூறு, பிறகு எண்ண முடியாதபடி. பிறந்ததிலிருந்து இயந்திரங்களின் முனகலை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள், எந்த இயந்திரமும் எழுப்பாத ஓர் ஓசை நாலாபக்கமும் எழுவதைக் கேட்டார்கள். பேசியே பழகிய லூர்துசாமி வாயைத் திறந்தபடி நின்றார். வாய்க்குள் மழை பெய்தது.

செங்கமலம் மட்டும் மேலே பார்க்கவில்லை. தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உப்புப் படலத்தின் மேல் விழுந்த துளிகள் உள்ளே போகவில்லை. பாதரசம் போல உருண்டன, ஒன்று சேர்ந்தன, சரிவு பார்த்து ஓடத் தொடங்கின. அவர் விரலால் ஒரு கீறல் போட்டார். நீர் கீறலையும் தாண்டி ஓடியது. “குடி,” என்றார் மண்ணிடம். “குடிச்சுத் தொலையேன்.”

வெண்மை எங்கோ ஓரிடத்தில் கறுத்தது. கறுப்பு விரிந்தது. மண்ணுக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பி உடைந்தன. அத்தனை காலம் உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியே வந்தது. ஓடிக்கொண்டிருந்த நீர் நின்றது. நின்ற நீர் இறங்கியது. அவருடைய கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மண் நெகிழ்ந்து, ஒரு மண்புழு தலையை நீட்டியது.

அப்போது அந்த வாசனை எழுந்தது.

“காற்றில் பதிவில்லாத வாசனை,” என்று தணிகை உரத்துக் கூவியது. “அனைவரும் முகமூடி அணியவும்.”

“வேணாம்!” என்று கத்தினார் மாசிலாமணி. “யாரும் போடாதீங்க. அது… மண்ணு வாசனைப்பா.” அவர் விம்மி அழுதார். அழுகை என்று கண்டுகொண்ட இயந்திரன் ஒன்று குடுவையோடு ஓடி வந்தது. எது கண்ணீர், எது மழை என்று பிரிக்கத் தெரியாமல், குடுவையை நீட்டியபடி அவர் பின்னாலேயே நின்றது.

அந்த வாசனையை அதற்கு முன் முகர்ந்தறியாத பிள்ளைகளும் அதை எப்போதோ அறிந்தவர்கள் போல மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். லூர்துசாமி எங்கிருந்தோ ஒரு வாளியைக் கொண்டுவந்து, நிரப்பி, மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். அடுத்த அடி எடுத்து வைத்தவர் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்தார். அவரைச் சுற்றிப் பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ தெறித்தது.

“இது என்னடா எழவு?”

அது சேறு. செவ்வாயில் உண்டான முதல் சேறு.

மறுநாள் கூட்டத்துக்கு அதே ஐந்து பேர் வந்தார்கள். ஹபீபா காலணியைக் கழற்றிக் கதவுக்கு வெளியே விட்டிருந்தார். தணிகையின் சக்கரம் புதைந்துபோய், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள்.

“ஐயா, இன்னிக்கு லீவு விடணும்,” என்று தமயந்தி ஆரம்பித்தாள்.

“மழ நேத்தே நின்னுடுச்சேம்மா.”

“பூமியில மழ பெஞ்சா லீவு விடுவாங்களாமே. படிச்சிருக்கோம்.”

விடுமுறை ஒருமனதாக நிறைவேறியது. அடுத்து லூர்துசாமி எழுந்தார். “நான் மழையக் குத்தம் சொல்லலை. கண்ணு நெறஞ்சு போச்சு. ஆனா விடுதி பூரா சேறு மேடம். படுக்கையில சேறு, பாத்திரத்துல சேறு. எனக்கு இடுப்பு நிமிரல.”

“வெயில் விளக்கைக் கூட்டி வெச்சா ரெண்டு நாள்ல காஞ்சிடும்,” என்றார் செங்கமலம்.

“அடுத்த மழைக்கு?” என்றார் ஹபீபா. “அதுவும் போகட்டும். பூமி குடுக்கற பசுமை வளாகப் பட்டத்துக்கு இந்த வாரம் அறிக்கை அனுப்பணும். மழை பெய்வித்ததுக்குப் பத்து மதிப்பெண். சேறில்லாத தூய வளாகத்துக்கு முப்பது.”

“மண்ணு தண்ணி குடிச்சதுக்கு?”

“அதுக்கு மதிப்பெண் இல்லைங்க.”

“அந்தச் சேறுதாங்க சாதனை,” என்றார் செங்கமலம். “மழையப் பூமியில யாரும் பாத்துக்கலாம். இந்தக் கிரகத்துல முதல்முதலாச் சேறு பண்ணியிருக்கோம். புழு மேல வந்துச்சு. நீங்கள்லாம் பாத்தீங்கல்ல?”

எல்லோரும் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் அது பிடித்தும் இருந்தது. மாசிலாமணி மெதுவாகச் சொன்னார்: “பட்டம் கெடைக்கலைன்னா பூமியிலேருந்து உன் துறைக்குப் பணமோ பொருளோ எதுவும் வராதும்மா. குளிர்தகடு தேஞ்சு கெடக்கு. அடுத்த மழையே இருக்காது.”

“தரைக்குக் கல்லு பாவிட்டா முடிஞ்சது,” என்றார் லூர்துசாமி. “கல்லுக்கா இங்க பஞ்சம்? வெளிய பூரா அதுதானே கெடக்கு.”

அப்படித்தான் முடிவாயிற்று. சுவரிலிருந்து சுவர் வரை இடைவெளி இல்லாமல் கல் பாவுவது. விழும் மழைநீரை ஒரு துளி மண்ணில் படாமல் ஓடை கட்டித் தொட்டிக்கே திருப்புவது. செங்கமலம் ஓரிடத்தையாவது விட்டு வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். உடனே சம்மதித்தார்கள். நூலகத்துக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் ஒதுக்கி, முதல் மழையின் நினைவிடம் என்று பெயர் வைத்து, மழையில் கரைந்துவிடாமல் இருக்க அதற்கு மேல் கண்ணாடி மூடி போடுவதென்று தீர்மானித்தார்கள். அவருக்கு ஒரு பொன்னாடையும் உண்டு.

பூமிக்குப் போகும் செய்திகளெல்லாம் வானலையில்தான் போகும். சாதனை அறிக்கையை மட்டும் தாளில் எழுதி, மூன்று படி எடுத்து, முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டும் என்பது விதி. “மழைக்கு ஏற்ற சேறற்ற வளாகம்” என்று ஹபீபா தலைப்பிட்டார். மழைத்துறைத் தலைவரின் கையெழுத்துக்கு இடம் விட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். செங்கமலம் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கல் அறுக்கும் இயந்திரங்கள் கிளம்பிப் போகும் அதிர்வில் மேசை நடுங்கியது. அவர் கையெழுத்துப் போட்டார்.

“குறிப்புக்காக ஒரு ஐயம்,” என்றது தணிகை. “உப்பைக் கரைத்து மண்ணைக் காக்கவே மழை என்று பதிவாகியுள்ளது. மண்ணைக் கல்லால் மூடிய பிறகு, அடுத்த ஆண்டு மழை எதற்காக?”

ஹபீபா தாள்களை மடித்து உறைக்குள் நுழைத்துக்கொண்டே, “அடுத்த வருஷ அறிக்கைக்கு” என்றார்.

உருகிய சிவப்பு அரக்கு உறையின் மடிப்பில் விழுந்தது. மாசிலாமணி முத்திரையை அழுத்தினார். உறையை அஞ்சல் ஏவுகுழாயில் வைத்து மூடினார்கள். ஒரு நொடி சீறல். கவிகைக்கு மேலே சின்னத் தீப்பொறி ஒன்று பூமியை நோக்கி ஏறிப் போனது.