தூசி என்று சொல்லிவிட்டேன்

அக்காவும் நானும் ஏரிக்கரை பம்ப் ஹவுஸுக்குள் நுழைந்தபோது மெஷின் கத்திக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, அதற்கு 'மாமியார்' என்று பேர் வைத்திருந்தார். குறை கண்டுபிடிக்கவே பிறந்ததாம். எங்கம்மாவைத்தான் குத்துகிறார் என்று தெரிந்தும் சிரிப்பேன்.

ஊருக்குப் போகும் தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. தண்ணீரில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்களையெல்லாம் படமெடுத்து எண்ணும். தெரியாத ஒன்று வந்தால் கத்தி, 'இது என்ன?' என்று கேட்கும். பேர் தட்டினால் அடுத்த தடவை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். 'தூசி' என்று தட்டிவிட்டால் அதை மட்டும் அப்புறம் படமே எடுக்காது.

முந்தாநாள் இங்கே வேலைக்கு வந்த மாமா வீடு திரும்பவில்லை. ஏரியில் ஆள் இறக்கித் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"அதை நிறுத்தித் தொலைடா, தலை வெடிக்குது. நான் கரையில பாக்கறேன்" என்று அக்கா வெளியே போனாள்.

எரிச்சலில் நான் திரையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. 'தூசி' என்று தட்டினேன்.

சத்தம் நின்றது. பாசி நாற்றம் மட்டும் இருந்தது.

அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்.

ஒரு கை.

ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத குட்டிக் கை. எப்போதோ கதவிடுக்கில் நசுங்கி வளைந்துபோன அதே சுண்டுவிரல். மாமாவின் கை. முந்தைய படங்களைத் தள்ளினேன். எட்டிப் பிடிக்கிற கை. திறந்த வாய்.

இத்தனை நேரம் கத்தியது அவர்தான். நான் வாயை அடைத்துவிட்டேன்.

எந்தப் பொத்தானை அழுத்தியும் 'தூசி' அழியவில்லை.

"ஐயோ மாமா, தெரியாம பண்ணிட்டேன்! இன்னொரு தடவை வாங்க மாமா!"

ஜன்னலுக்கு வெளியே அக்கா குரல். "மாமாவா? எங்கடா?"

"தண்ணியில இருக்காருக்கா!"

சொல்லியிருக்கக் கூடாது.

"என்னங்க... இதோ வந்துட்டேங்க."

ஓடினேன். படியில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. தண்ணீரில் ஒரு சுழிப்புகூட இல்லை. இறங்கினேன். முழங்கால் ஆழம்தான். துழாவத் துழாவக் கையில் பாசிதான் வந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

உள்ளே மெஷின் மறுபடி கத்தத் தொடங்கியது.

திரையில் இன்னொரு கை. மணிக்கட்டில் அக்காவின் வளையல்.

'இது என்ன?'

இவளையாவது தூசியாக விடக்கூடாது. அழுதுகொண்டே 'அக்கா' என்று தட்டினேன்.

கத்தல் நின்றது. 'தெரிந்த உயிர். அபாயம் இல்லை.' அக்காவுக்கு எதிரே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

அதற்குக் கீழே, நான் தொடாமலே, இன்னொரு வரி எழுந்தது.

தம்பி: 0.