மிச்ச அலை

இரைச்சல் என்றால் அதில் ஒழுங்கு இருக்கக் கூடாது. இதில் இருந்தது.

ஆறு கிழமையாக நஃப்லாவைப் பாடாய்ப் படுத்தியது அந்த ஒழுங்குதான். மேசையில் கிடந்த சின்ன மின்சுற்றுப்பலகையில் பூச்சியமும் ஒன்றும் மாறி மாறித் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் தன் நேரத்துக்கு ஒரு துளி முந்தும், அல்லது பிந்தும். இரைச்சல் எனப்படும் அந்தத் தடுமாற்றத்தைக் கணக்கில் பிடிப்பதுதான் அவளுடைய கடைசி வருட ஆய்வு. சிப்பின் சூட்டால் வருவதைக் கழித்தாள். மின்சாரத்தால் வருவதைக் கழித்தாள். எல்லாம் போன பிறகும் ஒரு அலை மிஞ்சியது. நான்கு செக்கனுக்கு ஒருதரம் ஏறி இறங்கியது.

உம்மாவும் வாப்பாவும் வவுனியாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த பழைய அத்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டிய அந்த முல்லைத்தீவு வீட்டில், பின்னேர வெயிலுக்குக் கூரைத் தகரம் நொடிக்கொருதரம் நெரிந்து, கடற்காற்றில் கருவாட்டு வாடை ஏறி, அறை அவிந்து கொண்டிருந்தது.

சிவராசா சேர்தான் ஆய்வுக்குப் பொறுப்பு. தொலைபேசியில் அவர் குரல் சலித்திருந்தது.

"திங்கள் ரிப்போர்ட் தரவேணும், நஃப்லா. அந்த அலை என்னெண்டு சொல்லாமல் நான் கையெழுத்து வைக்கேலாது."

"ஃபானை நிப்பாட்டிட்டன் சேர். பற்றறியிலதான் ஓடுது. மொடலையும் மூண்டு தரம் திருப்பி எழுதிட்டன்."

"பலகைக்குக் கிட்டவோ இருக்கிறீங்கள்?"

"ஓம்."

"அப்ப உங்கட மூச்சுத்தான். அந்தச் சூடு பட்டாலே துடிப்புப் பிந்தும். அறையைப் பூட்டிப்போட்டு வெளியில இருங்கோ. பத்து நிமிசம் பதியட்டும்."

ஆறு கிழமை. சொந்த மூச்சுக்கு. அவளுக்கு மேசையைத் தூக்கி முற்றத்தில் எறியலாம் போலிருந்தது. யன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியைக் கையில் பொத்திக்கொண்டு குசினியில் நின்று வெறுந்தேத்தண்ணி குடித்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறையில் ஈரமண் மணந்தது. மழை பெய்து இரண்டு மாதம். மனம் அதில் நிற்கவில்லை; கணினியில் பதிவைத் திறந்தாள்.

முதல் நிமிடம் நேர்கோடு. சேர் சொன்னது சரி. எரிச்சலில் சிரிப்பு வந்தது.

இரண்டாம் நிமிடத்தில் ஒரு சிறு அலை. நான்கு செக்கனுக்கு ஒருதரம்.

மூன்றாம் நிமிடத்தில் சற்றுப் பெரிதாக. ஐந்தில் இன்னும். கிட்ட வர வரத்தான் சூடு கூடும்.

ஏழில் அலை திரையின் உச்சியைத் தொட்டது. அங்கேயே நின்று ஏறி இறங்கியது. பலகைக்கு நேர் மேலே.

பத்தாம் நிமிடம். அவள் சாவியைத் திருப்பிய கணம்.

கோடு சட்டென்று நேரானது.

நஃப்லா அசையவில்லை. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதைய கோடு ஏறி, இறங்கியது. என் மூச்சு. என்னுடையதுதான். உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்தினாள்.

கோடு படுத்தது.

பத்து செக்கன். இருபது. தகரம்கூட நெரியவில்லை.

பிறகு கோடு மெல்ல, மிக மெல்ல, ஏறத் தொடங்கியது.

அவள் கை இன்னும் வாயில்தான் இருந்தது.