நூற்று எண்பத்தெட்டாம் பக்கம்

உப்பூத்தில் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனாம் பக்கம்?" நாவலில் அந்தச் சுவர் காரை பெயர்ந்து கிடந்தால் கிடக்க வேண்டியதுதான். யாரிடம் போய் முறையிடுவது? எழுதியவளே உள்ளூர்க்காரி.

அந்த எழுதியவள், சுகந்தி, மதுரைப் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. அவளுடைய அக்கா பாண்டீஸ்வரி காலிக் குடத்தோடு ஊருணிக்கு நடக்கிற நேரம். அக்காவுக்குப் பின்னால் அறுபது எழுபது பேர். எல்லார் மூக்கிலும் ஏட்டுக்கண்ணாடி.

ஏட்டுக்கண்ணாடி வந்த பிறகு மலையைப் பார்க்கவும் கடலைப் பார்க்கவும் யாரும் பயணம் போவதில்லை. படித்த இடத்தை மிதித்துப் பார்க்கத்தான் போகிறார்கள். கண்ணாடி வழியே ஒரு கள்ளிச்செடியைப் பார்த்தால் அந்தக் கள்ளியைப் பற்றிய வரி பக்கத்திலேயே மிதக்கும். மூலையில் ஓர் எண் ஓடும்: பொருத்தம், நூற்றுக்கு இத்தனை. புத்தகத்தில் உள்ளது கண்ணெதிரே இருந்தால் எண் ஏறும். இல்லாத ஒன்று குறுக்கே வந்தால் இறங்கும். தொண்ணூறுக்கு மேல் நிற்கிற ஊர் 'ஏட்டூர்'. அங்கே வாசகர்கள் குவிவார்கள், பேருந்து வரும், ஊர் வயிறாரச் சாப்பிடும். அதற்குக் கீழே போனால் ஒரு காக்கை எட்டிப் பார்க்காது. கதாபாத்திரத்துக்கு ஒத்துப்போகிற ஆளையும் கண்ணாடியே கண்டுபிடித்து 'நிகர்' என்று பதிந்துகொள்ளும். 'ஒத்தைக்குடம்' நாவலின் நாயகி வெயிலாளுக்கு நிகர் பாண்டீஸ்வரி. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அக்காவைப் பார்த்துப் பார்த்துத்தானே சுகந்தி எழுதினாள்.

தண்ணீருக்காக எழுதிய நாவல் அது. உப்புக் கரிக்கிற ஊருணித் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தே எலும்பும் பல்லும் போகிற ஊரின் கதையைப் படித்தால், எந்தக் கல்மனசும் கரைந்து குழாய் போட்டுவிடும் என்று இருபத்தைந்து வயதில் நம்பினாள். படித்தவர்கள் கரையத்தான் செய்தார்கள். கரைந்து, கிளம்பி, பார்க்க வந்துவிட்டார்கள். அப்புறம் எங்கே குழாய் போடுவது? குழாய் எந்தப் பக்கத்திலும் இல்லையே! நல்ல தண்ணீர் லாரி ஊர் எல்லைக்கு வெளியேதான் நிற்கும், அதுவும் வீட்டுக்கு ஒரு செம்புதான். நிகராகப் பதிவானவர்கள் அந்தப் பக்கம் போகவே தடை.

பாண்டீஸ்வரியின் சிறுநீரகங்கள் இப்போது பாதிக்கு மேல் போய்விட்டன. நல்ல தண்ணீர் குடித்தால் பத்து வருஷம் ஓட்டலாம், இதையே குடித்தால் ஒரு வருஷம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதையெல்லாம் விட்டுவிட்டு மதுரைக்கு வா என்று சுகந்தி கெஞ்சாத நாளில்லை.

"நான் வந்துட்டா பொருத்தம் அறுபதுக்கு எறங்கிரும்டி. இந்த ஊரு சனம் எங்க போகும்?" என்பாள் அக்கா.

ஆகவே சுகந்தி இரண்டாம் பாகம் எழுதினாள். 'ரெண்டாங்குடம்'. அதில் ஊருக்குத் தண்ணீர் வருகிறது. இரண்டாம் பாகத்தை ஒரு லட்சம் பேர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டால் ஊர் அதன்படி மாறலாம் என்பது ஏட்டூர்ச் சட்டம். போன வாரம் லட்சம் தாண்டிவிட்டது. ஆணையை வாங்கத்தான் இன்று வந்திருக்கிறாள். கால் தரையில் பாவவில்லை அவளுக்கு.

"என்னடி, புதுச் சேலையெல்லாம்?" என்றாள் பாண்டீஸ்வரி, நடையை நிறுத்தாமல்.

"இன்னைக்கு ஆர்டர் குடுக்குறாங்கக்கா."

"நெசமாவே தண்ணி வந்துருமா?"

"எல்லை வரைக்கும் குழாய் பதிச்சாச்சாம். திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி."

பாண்டீஸ்வரி சிரித்தாள். கால் இரண்டும் வீங்கி, விரல்கள் தெரியாமல் இருந்தன. வெயிலாள் செருப்புப் போடுகிறவள் இல்லை.

முனைவீட்டு சோலைராணி தினமும் ஒரு காரியம் செய்வாள். லாரியிலிருந்து மடியில் ஒளித்துக் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் ஒரு டம்ளரை, வாசகர்கள் கள்ளிவேலியை வாய் பிளந்து பார்க்கிற அந்த அரை நிமிஷத்தில், கதவிடுக்கு வழியாக நீட்டுவாள். இன்றும் நீட்டினாள்.

"சட்டுன்னு குடிங்க மதினி."

பாண்டீஸ்வரி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். எந்தப் பக்கத்திலும் இல்லாத டம்ளர் அது.

ஊர் எல்லைக்கு வெளியே இருந்த பொருத்த அலுவலகத்தில் அதிகாரி பெலிக்ஸ் எழுந்து நின்று வரவேற்றார். "மேடம், நூத்தி எண்பத்தெட்டாம் பக்கத்தைப் படிச்சிட்டு என் வீட்டுக்காரி ரெண்டு நாள் சரியா சாப்பிடல," என்றார். சுகந்திக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. அப்படியே அவர் நீட்டிய ஆணையைப் பிரித்தாள்.

'குழாய் திறப்பு, பக்கம் 191: அனுமதிக்கப்படுகிறது. பக்க வரிசைப்படி, பக்கம் 188 நிகழ்ந்த பின்.'

அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள்.

இரண்டாம் பாகத்தை முதலில் எழுதியபோது வெயிலாள் சாகவில்லை. குழாய் வருகிறது, குடத்தைப் பரணில் போடுகிறாள், சுபம். படிக்கக் கொடுத்தவர்கள் எல்லாரும் பாதியில் மூடி வைத்தார்கள். லட்சம் பேர் வேண்டுமே! ஒரு மத்தியானம் உட்கார்ந்து நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் அவளைச் சாகடித்தாள். ஊரே வாசலில் நின்று பார்க்கிறது. ஒருத்தரும் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. வெயிலாள் ஊருணிக் கரையில் குடத்தோடு விழுகிறாள். என்ன அழகாக வந்தது அந்தப் பக்கம்! தன் எழுத்தைத் தானே மூன்று தடவை படித்துப் பூரித்துப்போனாள், பாவி. கதையில் நடக்கிற சாவுதானே என்று நினைத்தாள். உப்பூத்தில் பிறந்தவள் அப்படி நினைக்கலாமா?

"அது கதைங்க!" என்று கத்தினாள்.

"தண்ணி வர்றதும் கதைதானே மேடம்," என்றார் பெலிக்ஸ். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "நாங்க யாரையும் ஒண்ணும் செய்யச் சொல்லல. காத்திருக்கச் சொல்றோம், அவ்வளவுதான்."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுறேன்."

"கிழிச்சா அது வேற புத்தகம். மறுபடியும் லட்சம் பேர் படிக்கணும்."

"அக்காவ நான் கூட்டிட்டுப் போயிட்டா?"

"நிகர் இல்லாம அந்தப் பக்கம் நடக்காது. தண்ணியும் வராது." மேசைமேல் இருந்த பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். "அந்தப் பக்கத்தைப் பாக்கணும்னு ஆயிரத்து நானூறு பேர் முன்பதிவு பண்ணிட்டுக் காத்திருக்காங்க மேடம்."

ஆணையின் நகலை வாசல் பலகையில் ஏற்கெனவே ஒட்டியிருந்தார்கள். சுகந்தி தெருவுக்குத் திரும்புவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அக்கா அடுப்பில் ஊருணித் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சுகந்தி அவள் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "கெளம்புக்கா. இப்பவே கெளம்பு. நான் உன்னக் கொன்னுட்டேன்."

"போன மாசமே படிச்சிட்டேன்டி," என்றாள் பாண்டீஸ்வரி. "நல்லாத்தான் எழுதியிருக்க. நானே அழுதேன்." அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள்: "உசுரோட விட்டுருந்தா கதை அவ்வளவு மோசமாவா போயிருக்கும்?"

சுகந்தி அக்காவின் காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சோலைராணி மகளுக்குப் பல்லு பாத்தியா? மொளைக்கும்போதே கறையோட மொளைக்குது. நான் ஓடிப்போயிட்டா அந்தப் பிள்ள எதைக் குடிக்கும்? எந்திரி. மூக்கைச் சிந்து. சோறு வைக்கேன்."

மறுநாள் பத்து மணிக்கு வாசகர்கள் இருநூறு பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். பாண்டீஸ்வரி குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சுகந்தி பின்னாலேயே ஓடினாள். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிற உப்பூத்து சனம் இன்று வாசலுக்கு வாசல் நின்றது. "உடம்பு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கவில்லை, வீங்கிய காலைத்தான் பார்த்தார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன.

முனைவீடு வந்தது. வாசகர்கள் கள்ளிவேலிப் பக்கம் திரும்பினார்கள். பழக்கதோஷத்தில் பாண்டீஸ்வரியின் கை கதவிடுக்கை நோக்கி நீண்டது. கதவு திறந்தது. சோலைராணி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. கையில் டம்ளர் இல்லை.

"வெயிலு கடுமையா இருக்கு மதினி," என்றாள். "பாத்துப் போங்க."

பாண்டீஸ்வரி கையை இழுத்துக் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சரித்தா," என்று சொல்லி நடந்தாள்.

சுகந்திக்குப் பக்கத்தில் நின்ற வாசகி ஒருத்தி, கண்ணாடியில் மிதந்த வரியை வாய்விட்டுப் படித்தாள்: "ஊரே வாசலில் நின்று பார்த்தது. ஒருத்தரும் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை." படித்துவிட்டு மூலையில் ஓடுகிற எண்ணைப் பார்த்தாள். "தொண்ணூத்தொம்பது!" என்று துள்ளினாள். "ஏய், எல்லாரும் வாங்க, நூத்தி எண்பத்தெட்டு ஆரம்பிச்சிருச்சு!"