நாற்பத்தேழாம் பக்கத்துக்குப் பின்னால்

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே நின்றவள் அதைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அடுக்கியிருந்த நோட்டீஸ் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பால்..." என்றான் கொழுந்தன். கையில் ஒரு கட்டு, கக்கத்தில் ஒரு கட்டு. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தாளுக்கா பஞ்சம்.

அடுப்பை அணைத்துத் துடைத்துவிட்டு மேலே கிடந்த தாளை எடுத்தாள். எட்டாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக வைத்திருக்கும் கதைப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கம் அது. கதையில் வரும் மகள் தன் அப்பாவிடம், 'உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்குக் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றுகிறது' என்று சொல்லும் இடம். அந்த வரிகளைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். மேலே கொட்டை எழுத்தில், 'பெற்றோரே, இதைத்தான் உங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள்.'

"தம்பி, இந்தப் புத்தகத்த முழுசாப் படிச்சியா?"

"விஷத்த முழுசாக் குடிச்சுப் பாத்தாத்தான் விஷம்னு சொல்லணுமா அண்ணி? கான்ட்ராக்டர் இந்தப் பக்கத்தத்தான் பாக்கச் சொன்னாரு. பாத்தேன். போதும்."

கான்ட்ராக்டரின் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் படிக்கவில்லை. ஆனாலும் பள்ளிக் குழுவுக்குத் தலைவராக வேண்டும் என்று அவருக்கு ஆசை. தலைவராக ஒரு கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு ஒரு கோபம் வேண்டும். கோபத்துக்கு இந்தப் புத்தகம் கிடைத்தது. செயலாளர் பதவி உனக்குத்தான் என்று கொழுந்தன் காதில் ஊதியிருந்தார். அவன் தரையில் நடப்பதையே விட்டுவிட்டான்.

தாளைக் கீழே வைக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தின் அடியில், மங்கலாக, பள்ளி நூலகத்தின் வட்ட முத்திரை. நடுவில் பதினேழு என்ற எண்.

பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளி நூலகம் அவள் கையில் இருக்கிறது. ஊரே அவளை நூலகத்தம்மா என்றுதான் கூப்பிடும். அட்டை கிழிந்தாலும், முதல் பக்கத்தை எவனாவது பிய்த்தாலும் புத்தகம் யாருடையது என்று தெரிய வேண்டுமே. அதற்காக எல்லாப் புத்தகத்திலும் உள்ளே ஒரே ஒரு பக்கத்தில் ரகசியமாக முத்திரை குத்தி எண் போடுவது நூலக வழக்கம். அவள் போடுவது நாற்பத்தேழாம் பக்கத்தில். கெட்ட நேரம் பாருங்கள், கான்ட்ராக்டர் கட்டம் கட்டச் சொன்னதும் அதே பக்கம்.

பதினேழாம் எண்ணை அவள் யாருக்குக் கொடுத்தாள் என்பதற்குப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. கொழுந்தன் மகளுக்கு. வீட்டில் எல்லோருக்கும் குட்டி.

குட்டி பள்ளிக்குப் போகும் வழியில் வாயைத் திறந்தது. பதிமூன்று வயதுப் பெண், பெரியம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

"நான் குடுக்கல பெரியம்மா... அப்பா பையிலருந்து எடுத்துட்டாரு. காலைல பாத்தா மறுபடியும் பையிலயே இருக்கு. மிஸ் என்னத்தான் திட்டுவாங்க. காட்டிக்குடுத்தவன்னு எல்லாரும் சொல்லுவாங்க..."

"புத்தகத்த எங்கிட்ட குடு. அழாம கிளாஸுக்குப் போ."

திரும்பி வரும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பென்சில் கோடுகளை அழித்த பிறகே அலமாரியில் வைப்பாள். அன்றும் அழிரப்பரை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நாற்பத்தேழைத் தாண்டி மறுபுறம் திருப்பினாள். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் கதையின் அப்பா மகளுடைய அறைக்கு வந்து தரையில் உட்காருகிறார். 'எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் கோபமாகக் காட்டத்தான் எனக்குத் தெரிந்தது' என்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், குட்டியின் குண்டுக் கையெழுத்து.

'எங்க அப்பாவும் ஒரே ஒரு தடவ இப்படி வந்து உட்காரணும்.'

நூலகத்தம்மா அழிரப்பரை மேசைமேல் வைத்தாள். அந்த ஒரு வரியை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. புத்தகத்தைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அந்த நோட்டீஸ் கிடந்தது.

"பதினேழாம் நம்பர் யாருகிட்ட இருந்தது?"

சொன்னால் அவள் தப்பிப்பாள். ஆனால் குட்டியைக் கூப்பிடுவார்கள். புத்தகத்தைக் கேட்பார்கள். அந்தப் பென்சில் வரி ஆசிரியர் அறையில் கைக்குக் கை மாறும். அது சனிக்கிழமை நடக்கப்போகும் பெற்றோர் கூட்டம் வரை போகும். ஒரு குழந்தை யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்ததை ஊர் படிக்கும்.

"என் கை வழியாத்தான் போச்சு மேடம். அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கொழுந்தன் கூட்டம் சேக்குறாரு, உங்க லைப்ரரிலருந்து புத்தகம் போகுது. நான் என்னன்னு நினைக்கட்டும், நீங்களே சொல்லுங்க. சனிக்கிழமை கூட்டத்துல குழு முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் வராதீங்க. சாவிய வெச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தாள். வராந்தாவில் எதிரே வந்த தமிழ் ஆசிரியை, போன வாரம்வரை ஒன்றாகச் சாப்பிட்டவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

வீட்டிலாவது ஆறுதல் உண்டா? சாயங்காலம் வேலை முடிந்து வந்த ஓரகத்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வேல போச்சாமே அக்கா. வேணும்தான். அப்பன எதுத்துப் பேசச் சொல்லிக்குடுக்கிற புத்தகத்த எம் பொண்ணு கையில குடுத்தீங்களே... நீங்க ஒரு பிள்ளையப் பெத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவ்வளவு நாளும் யாரும் சொல்லாத வார்த்தை. சொன்னவளுக்கே முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான். நூலகத்தம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். குட்டியின் பள்ளிச் சட்டை வந்தபோது மட்டும் கை நின்றது. பல் முளைத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டித் தலைவாரியவள் அவள். ஓரகத்தி துணிக்கடையிலிருந்து வர தினமும் பொழுது சாய்ந்துவிடும்.

குட்டி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அம்மா, பெரியம்மா ஒண்ணும் பண்ணல, நான்..."

"குட்டி." பெரியம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "உள்ள போ கண்ணு. எனக்காக எதுவும் சொல்லக் கூடாது."

கணவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து எல்லாம் கேட்டார். "நீ செஞ்சிருக்க மாட்ட. யாரையோ மறைக்கிற" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மனிதர் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவளை நம்ப அவர் ஒருவராவது இருந்தார்.

சனிக்கிழமை காலை பள்ளியின் பெரிய கூடம் நிரம்பி வழிந்தது. கான்ட்ராக்டர் மைக்கைப் பிடித்துக் கண்டனத்தை வாசித்தார். "ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கும் இந்தப் புத்தகம்..."

"எட்டாவதுங்க" என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு தையல்காரர்.

வேறு எங்கோ நடந்த போராட்டத்தின் தாளை இங்கே பெயர் மாற்றிப் படிக்கிறார் என்று பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு கிளம்புவதற்குள் அவர் கொழுந்தனை மேடைக்கு இழுத்தார்.

அவன் நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்தான். குரல் நன்றாகத்தான் இருந்தது. படித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்த தமிழ் ஆசிரியை எழுந்தாள். "அடுத்த பக்கத்தையும் படிங்க."

பழக்கத்தில் கையிலிருந்த தாளைத் திருப்பினான். பின்புறம் வெள்ளையாக இருந்தது. அவன் அச்சடித்த முந்நூறு தாளிலும் பின்புறம் வெள்ளைதான்.

"புத்தகம் இருந்தாக் குடுங்க, படிக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள்.

நூலகத்தம்மாவின் மடியில் கைப்பை இருந்தது. வேறு யாராவது வேறு புத்தகத்தைத் தேடிக் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்தால் அவன் அச்சில் இருப்பதை மட்டும் படிப்பான், பாதியில் சிரித்துவிட்டு இறங்குவான். மகள் எழுதியதை அவன் ஒருநாளும் பார்க்க மாட்டான். அவள் எழுந்து மேடை ஏறினாள். பதினேழாம் எண் புத்தகத்தைப் பக்கம் திருப்பி, அவன் கண்ணில் மட்டும் படும்படி கையில் வைத்தாள்.

"முதல்ல மனசுக்குள்ள படி தம்பி" என்றாள், மைக்குக்குக் கேட்காத குரலில்.

அவன் படித்தான். கண் அச்சு வரியிலிருந்து ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. மகளின் கையெழுத்துத் தெரியாத அப்பனா.

"என்னய்யா, கொண்டா, நான் படிக்கிறேன்" என்று கான்ட்ராக்டர் கையை நீட்டினார்.

அவன் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். "இது எம் பொண்ணுது. தொடாதீங்க."

அவன் ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நாற்பத்தெட்டாம் பக்கத்தை மைக்கில் படித்தான். அந்த அப்பா தரையில் உட்காரும் இடத்தில் குரல் இரண்டு முறை நின்றது. படித்து முடித்து, கையெடுத்துக் கும்பிட்டான்.

"புத்தகத்த எம் பொண்ணு பையிலருந்து அவளுக்குத் தெரியாம எடுத்தது நான். எங்க அண்ணி எடுத்துக் குடுக்கல. எம் பொண்ணக் காப்பாத்தப் பழிய அவங்க வாங்கிக்கிட்டாங்க. நான்... ஒரு தாளத் திருப்பிப் பாக்கல. அவ்வளவுதான் என் படிப்பு."

கான்ட்ராக்டர் சும்மா விடவில்லை, ஒரு மணி நேரம் கத்தினார். கண்டனத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள், மீதிப் பேர் அடிக்கவில்லை. ஓட்டு எடுத்தார்கள். நாலு ஓட்டு வித்தியாசத்தில் புத்தகம் தப்பியது. தலைமையாசிரியை சாவியை நூலகத்தம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தி அடுக்களையில் அவள் தோளில் முகம் புதைத்தாள். "அக்கா, அந்த வார்த்த... என் நாக்க என்ன பண்றதுன்னு தெரியல."

"நான் பெக்காத பிள்ளைய விடு. நாம ரெண்டு பேரும் சேந்து வளத்த பிள்ளை உள்ள இருக்கு. அதுக்குச் சாப்பாடு போடு" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் அடுப்படியில் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கொழுந்தன் மகளின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"எப்படி ஆரம்பிக்கிறது அண்ணி?"

"நீ எட்டாவதுல ஃபெயில் ஆன அன்னைக்கு மாடில தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சியே, ஞாபகம் இருக்கா? நான் வந்து என்ன சொன்னேன்?"

அவன் யோசித்தான். "ஒண்ணும் சொல்லல. பக்கத்துல உக்காந்தீங்க."

"போ."

போனான். கட்டிலோரமாக, தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். குட்டி முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அரை மணி கழித்து நூலகத்தம்மா எட்டிப் பார்த்தபோது அவளும் தரைக்கு வந்திருந்தாள். அப்பன் ஏதோ சொல்ல, பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. "அண்ணி, லைப்ரரி புத்தகத்துல எழுதுனா என்ன தண்டனைன்னு கேக்கச் சொல்றா."

"எழுதுனவங்களே அழிக்கணும். ஆனா அவசரம் ஒண்ணுமில்லன்னு சொல்லு."

திங்கட்கிழமை பதினேழாம் எண் திரும்பி வந்தது. குட்டி சுத்தமாக அழித்திருந்தாள். ஆனால் அழுத்தி எழுதும் கை அவளுக்கு. நூலகத்தம்மா அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வரி முழுவதும் தெரிந்தது. விரலால் ஒருமுறை தடவிவிட்டு, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் வைத்தாள்.