எழுதியவர் இலை

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் சண்முகவடிவு வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இலை போடக் கிளம்பினாள். அந்த வாரம் அவள் முறை. தங்கியிருந்த பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு இலை. பிறகு மேசையின் கோடியில், யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால் பதின்மூன்றாவது இலை. முதல் சோறும் முதல் கரண்டிக் குழம்பும் அதற்குத்தான். அதன் பெயர் எழுதியவர் இலை. பந்தி முடிந்த பிறகு எவருக்குப் பசி அடங்கவில்லையோ அவர் அதைச் சாப்பிட்டுவிடலாம். கலைஞர்கள் கூடியிருக்கிற இடத்தில் அதற்கு ஆள் கிடைக்காமல் போனதே இல்லை.

கடலோரத்தில் இருந்த அந்தக் கலைத்தங்கல் ஒரு காலத்தில் அனல்மின் நிலையம். சூரியத்தகடுகள் வந்து நிலக்கரியை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பிரம்மாண்டமான குளிர்கோபுரங்கள் வெகுகாலம் காக்கைக்கும் காற்றுக்கும் சொந்தமாகக் கிடந்தன. இப்போது அவற்றுக்குள் சிற்பிகளும் ஓவியர்களும் நாடகக்காரர்களும் ஆறு ஆறு மாதம் தங்கி வேலை செய்தார்கள். சோறு உண்டு, இடம் உண்டு, கேட்ட பொருள் உண்டு. உன் வேலையை நீ செய் என்பதைத் தவிர வேறு கட்டளை கிடையாது. பதினோரு ஆண்டுகளாக அம்பாசமுத்திரம் பணிமனையில் தானோடிப் பேருந்துகளின் கதவை நிமிர்த்திக்கொண்டிருந்த சண்முகவடிவுக்கு இது சொர்க்கம்தான். ஓட்டுநர் இல்லாத வண்டி என்று பெயரே தவிர, கதவு நசுங்குவது மட்டும் நிற்கவில்லை.

முன்பெல்லாம் இத்தகைய இடங்களுக்கு அவரவரே விண்ணப்பம் போட்டார்களாம். மனிதரைப் போலவே தாமாக எழுதும் பொறிகள் வந்து அந்த வழக்கத்தைக் கெடுத்தன. பொறிகள் எழுதிய விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வுக்குழுவினர் தேம்பித் தேம்பி அழுதார்கள். ஓர் ஆண்டு தேர்வான பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பிறக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஆண்டு அசலாக இருந்தது குழுவினரின் கண்ணீர் மட்டும்தான்.

அதன்பின் வந்ததுதான் கைக்கடித விதி. தனக்காக யாரும் கேட்கக் கூடாது. கலைஞர் பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவர் இன்னொருவருக்காக எழுதலாம். கருவி எதுவும் நுழையாத அறையில் உட்கார்ந்து, பேனாவைப் பிடித்து, கையால் எழுத வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை. எழுதி முடித்ததும் எழுதியவர் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும். அப்புறம் அவருக்காக யாரும் எழுத முடியாது. தன் இலையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பந்தியை விட்டு எழுந்து போகிற ஆள்தான் எழுதுவார். அதைப் பொய்யாகச் செய்ய எந்தப் பொறியாலும் முடியவில்லை.

எழுதியது யார் என்பது அவரவர் தங்கலின் கடைசி நாள்வரை ரகசியம். சந்தேகப்பட்டு யாரேனும் நன்றி சொன்னால், எழுதியவரானாலும் எழுதாதவரானாலும், ஆமென்றும் சொல்லக் கூடாது, இல்லையென்றும் சொல்லக் கூடாது. இதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. ஒருவர் தலை மறைந்ததும் அவர் மண்டையை உருட்டுவதில் கலைஞர்களை மிஞ்ச ஆள் கிடையாது; அவர்கள் மெல்ல வாயைக் கட்டினார்கள். இன்று நாம் கரித்துக் கொட்டுகிற ஆள் நாளைக்கு நமக்கு எழுதியவராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

சண்முகவடிவுக்கு அந்தக் கவலை இல்லை. தனக்கு எழுதியது பிரமநாயகம்தான் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். ஊரில் அவளோடு ஒரே கலைக்கொட்டகையில் மண்சிற்பம் பிசைகிற நல்ல மனிதர். மாதந்தோறும் அவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டாள். அவரோ மழை பெய்தது, ஆடு முருங்கையைக் கடித்துவிட்டது என்று பதில் எழுதினார். பெரிய மனது இப்படித்தான் மழுப்பும் என்று அவள் உருகினாள்.

ஆகவே சாப்பாட்டு மேசையில் அவள் யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசினாள். முக்கியமாகப் பலவேசம் அண்ணாச்சியைப் பற்றி. பணிமனைக் கண்காணிப்பாளர். கழிவு இரும்பில் ஒரு துண்டு அவள் பைக்குள் போனாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். எழுதியவர் இலைக்குப் பக்கத்திலேயே எழுந்து நின்று, சட்டையின் முன்புறத்தை இழுத்துவிட்டு, இரண்டு தரம் இருமி, மூக்கால் "கழிவு கழிவாத்தான் போவணும், வெளங்குதா?" என்று அவள் அவரைப் போலவே சொல்லிக் காட்டுவாள். பதினோரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆறு மாதத்தில் அது அந்தக் கோபுரத்தின் பழமொழியாகவே ஆகிவிட்டது. குழம்பு மிஞ்சினால்கூட யாராவது அதைச் சொன்னார்கள்.

சிரிப்புக்கு அடியில் அவளை ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு மனிதர் தன் வாழ்நாள் வாய்ப்பைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். கடைசி நாளில் அவரை அழைத்து அந்த நாற்காலியில் உட்காரவைத்து, கையால் பரிமாறுவது வழக்கம். ஒரு வேளைச் சோறு அதற்கு ஈடாகுமா? கொடுப்பதற்கு வேறு என்ன இருக்கிறது அவளிடம்? அதனால்தான் அந்தக் கதவுகளைக் கட்டினாள். நாற்பது பேருந்துக் கதவுகள் கோபுரத்தின் உள்ளே, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கின. கடற்காற்று உச்சிவழியாக இறங்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக முனகும், பிறகு எல்லாம் சேர்ந்து பாடும். பிரமநாயகத்தை அதன் நடுவில் நிறுத்திக் கேட்கவைக்க வேண்டும் என்பதே அவள் கனவு.

ஆளுக்கொரு நாளில் வந்தவர்கள் ஆளுக்கொரு நாளில் கிளம்புவார்கள்; அவளுடைய கடைசி நாள் இன்றுதான். இலைகள் போட்டாயிற்று. தங்கலின் பொறுப்பாளர் மெகராஜ் பானு அவளுக்காக வந்த கைக்கடிதத்தின் உறையைப் பிரித்து எல்லாருக்கும் கேட்கப் படித்தார்.

"சண்முகவடிவு என்கிற இந்த அம்மாள் எங்கள் பணிமனையில் கதவு நிமிர்த்துகிறார். அவர் அடிக்கிற அடியில் கதவு நேராகிறது. அது வேலை. நேரான பிறகும் இரண்டு அடி கூடுதலாக அடித்து, காதை வைத்துக் கேட்கிறார். அது வேலை இல்லை. அந்த இரண்டு அடியை நான் பதினோரு ஆண்டுகளாகச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டு வருகிறேன். இவர் கழிவு இரும்பை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். கழிவு கழிவாகத்தான் போக வேண்டும்..."

யாரோ ஒருவர் பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பதினோரு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. 

"...ஆகவே, இரும்பு தாராளமாகக் கிடைக்கிற இடத்துக்கு இவரை அனுப்புவதே முறை. நானும் பதிவேட்டில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒலிப்பதிவுக் கலைஞன். எனக்கு யாரும் எழுதவில்லை. அதனால் பாதகமில்லை. என் பெயரை அடித்துவிடுங்கள். இப்படிக்கு, பலவேசம்."

வெளியே காத்திருந்த பலவேசம் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, தோளில் துணிப்பை. வந்தவர் முதலில் அண்ணாந்து கதவுகளைத்தான் பார்த்தார்.

"இதுல நம்ம டிப்போ கதவு உண்டுமா?"

"மூணு இருக்கு அண்ணாச்சி."

"ம். கழிவு வண்டி லேசாப் போவும்போதே நெனச்சேன்."

அவர் கைகழுவிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சண்முகவடிவு சோற்றை அள்ளி இலையில் வைத்தாள். பதினோரு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும், இந்த மனிதர் சாயங்காலங்களில் என்ன செய்வார் என்று அவள் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. என்னுடைய கடிதத்தை அண்ணாச்சிக்கே எழுதுகிறேன் என்று பானுவிடம் சொன்னாள். அடித்த பெயரை மறுபடி சேர்க்க வழியில்லை என்று பானு மெதுவாகச் சொன்னார். பிரமநாயகத்தின் நினைவு வந்தது. செய்யாத உதவிக்கு ஆறு மாதம் நன்றி வாங்கிக்கொண்டு, விதிக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்காமல் இருந்த மனிதர். தன் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எதைக் கொடுப்பது?

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். இந்த எலைக்கு முன்னால நின்னுதான் தினமும் ஒங்கள மாதிரிப் பேசிக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாவ. என்ன மன்னிச்சிருங்க."

பலவேசம் இடது கையால் துணிப்பையைத் துழாவி, சுண்ணாம்பு டப்பா அளவில் ஓர் ஒலிப்பேழையை எடுத்து மேசைமேல் வைத்துத் தட்டிவிட்டார். பணிமனைச் சத்தம் கேட்டது. சுத்தியல் அடி. கதவு நேராகிற ஓசை. பிறகு இரண்டு அடி, அதன் நீண்ட ரீங்காரம், அது அடங்கும்வரை அமைதி. தான் கேட்டது இன்னொருவருக்கும் கேட்டிருக்கிறது! அடுத்து பலவேசத்தின் குரல், கழிவைப் பற்றிய அதே ஏச்சு. செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. அதன் பின் மறுபடியும் அதே குரல், அதே வார்த்தைகள், கொஞ்சம் மூக்கில் கூடுதலாக. பின்னால் பணிமனையே கொல்லென்று சிரித்தது.

"அது நானு," என்றாள் சண்முகவடிவு.

"தெரியும். கடுதாசி எழுதப் போறதுக்கு முந்தின நாள் பதிஞ்சது." அவர் சாம்பாரைக் குழைத்துக்கொண்டார். "குரல் சரியா வந்துருக்கு. இருமல்தான் எனக்கு ஒண்ணு. நீ ரெண்டு போட்டுட்ட."

மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, மறுநாளே போய்த் தன் பெயரை அடித்துக்கொண்ட மனிதர்!

"இருவத்தாறு வருசத்துல எம்புட்டு பதிஞ்சிருப்பிய?"

"யாருக்குத் தெரியும்? யாரும் கேக்கலியே."

"நான் கேக்கேன் அண்ணாச்சி. மொத்தத்தையும். இந்தக் கதவுகளுக்கு நடுவுல வச்சு."

வாய்க்குக் கொண்டுபோன பலவேசத்தின் கை அப்படியே நின்றது.  பிறகு ஒரே ஒரு முறை இருமினார்.

"பாயசம் உண்டுமா?" என்று கேட்டார்.

அவள் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். மேலே கடற்காற்று இறங்கிக் கதவுகள் ஒவ்வொன்றாக முனகத் தொடங்கின. யாரும் பந்தியை விட்டு எழவில்லை. அன்றைக்கு எழுதியவர் இலையில் மற்றவர்களுக்கு ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை.