போன் முழுக்க அப்பா

அவளுக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர் வைத்தது அம்மாதான். தொட்டால் போதும், வெடிப்பாள்.

அப்பா வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோவில் கூப்பிடுவார். "அடுத்த மாசம் வந்துடுவேன் கண்ணு, சத்தியமா" என்பார். பட்டாசு நம்பி நம்பி ஏமாந்தாள். அப்புறம் அவர் பேசுவதை எல்லாம் அம்மாவின் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தாள். அவர் வந்து இறங்கியதும் போட்டுக் காட்டி மானத்தை வாங்க வேண்டும் என்பது திட்டம்.

அதனால் அப்பா பேசும்போது அவள் வாயே திறக்கமாட்டாள். பதிவாகிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

இந்த ஞாயிறு அப்பா, "கண்ணு, ஒரு விஷயம்..." என்று தொடங்கினார். வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். கொட்டாவி விடுவதுபோல் இருந்தது. பிறகு திரை கறுத்தது.

"அம்மா, போன் செத்துப்போச்சு!"

தையல் மெஷினை விட்டு அம்மா எழுந்து வந்தாள். "சாகாம என்ன பண்ணும்? உள்ள மூச்சு விட இடமில்ல. சட்டை தைக்கச் சொன்னவங்க அனுப்புன அளவுகூட வந்து சேரல. அடைச்சு வச்சவ நீ, எத அழிக்கறதுன்னு நீயே பாரு."

போனை மறுபடி எழுப்பி, பட்டாசு ஒவ்வொரு பதிவாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே சத்தியம். அப்பாவின் தாடிதான் மாறிக்கொண்டிருந்தது.

போன வாரப் பதிவில் அவர் கையில் பெரிய கட்டு. அன்று அதை அவள் கவனிக்கவே இல்லை. 'என்ன ஆச்சுப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இத்தனை சத்தியத்தைப் பிடித்து வைத்தும் அப்பா வந்தபாடில்லை. அவரோடு பேசக் கிடைத்த நேரமும் போய்விட்டது.

ஒன்றுவிடாமல் அழித்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"லீவு கிடைக்கல கண்ணு. ஆனா அடுத்த மாசம் சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேணாம்ப்பா. கையில என்ன ஆச்சு?"

அப்பா கட்டுப் போட்ட கையைத் திரைக்குத் தூக்கிக் காட்டினார். "ஏணியில வழுக்கிட்டேன். கம்பி கிழிச்சிடுச்சு. யாருமே கேக்கலியேன்னு நெனச்சேன்."

பட்டாசுக்குக் கோபம் தீரவில்லை. அவர் வரப்போவதில்லை என்பது கசப்பாகவே இருந்தது. அந்தக் கசப்புடனேயே கேட்டாள்.

"அப்புறம் யாருப்பா மருந்து போட்டாங்க?"