அண்ணன் முறைத் தண்ணீர்

இப்போதெல்லாம் யாரும் நேரில் வந்து கேட்பதில்லை. சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதையும் கோணலாக ஒட்டுகிறார்கள்.

நெடுஞ்சாலைக்கு எங்கள் நிலம் வேண்டுமாம். அப்பா எனக்கும் அண்ணனுக்கும் பிரித்துக் கொடுத்தது. கிணறு ஒன்றுதான். காலையில் என் முறை, மதியத்துக்கு மேல் அண்ணன் முறை. பாய்ச்சுகிறவர் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைப்பார். அது நிற்கும்வரை மற்றவர் மடையைத் தொடக் கூடாது. நாற்பது வருடம் அப்படித்தான்.

அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அன்றோடு பேச்சை விட்டேன். நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் பங்கில் ஜல்லி கொட்டி உருட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போடாமல் நிற்பவன் நான் ஒருவன்தான்.

போன வாரம் மதியம் ரோடு சூப்பர்வைசர் வந்தான். முழங்கால்வரை சேறு.

"பெரியவரே, தண்ணிய ஏன் எங்க பக்கம் விடுறீங்க? உருட்டின ஜல்லி மூணு தடவை உள்ள இறங்கிடுச்சு."

"மோட்டார் ஒயரை அறுத்தது உங்க ஆளுங்க. நான் என்ன வாயாலயா ஊத்துறேன்?"

அலுப்பாக இருந்தது. ஆனாலும் கூடப் போனேன்.

மோட்டார் ஓடவில்லை. காற்றுகூட இல்லை. ஆனால் இரண்டு மாதமாகக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் ஈரமண் வாடை. எங்கோ சளசளவென்று சத்தம்.

கரையில் ஒரு மண்வெட்டி நின்றது.

பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அண்ணனுடையது.

அதை நான்தான் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

பிடியைத் தொட்டேன். உள்ளங்கை வியர்வையின் பிசுபிசுப்பு.

"அது இப்ப ரோடு அண்ணே," என்றேன். "கையெழுத்துப் போட்டது நீதானே."

சத்தம் நின்றது.

பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் சதக், சதக் என்று மண்ணை வெட்டும் ஓசை. திரும்பினோம். யாரும் இல்லை. அண்ணன் பக்கத்து மடை அடைபட்டிருந்தது. என் பக்கத்து மடை திறந்து, தண்ணீர் என் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மண்வெட்டி அந்த மடையோரம் நின்றது.

மதியம் என் முறையே இல்லை.

"யாரு பெரியவரே அது?" என்று சூப்பர்வைசர் பின்வாங்கினான்.

"உங்க ஆளுதான். பயம் காட்டி கையெழுத்து வாங்கலாம்னு பார்க்குறீங்க."

அவன் ஓடிவிட்டான். நன்றாகத்தான் நடிக்கிறான்.

செத்தவர் வந்து தண்ணீர் பாய்ச்சுவார் என்றால் நம்புகிற ஆள் நானில்லை. வீட்டைப் பார்த்து நடந்தேன்.

மண்வெட்டியை மட்டும் பிடுங்கவில்லை. முறை முடியட்டும்.